நோயாளியைத் தொடும் கை

பிரேசர் டவுன் என்று நாம் அழைப்பதும், அரசாங்க ஏடுகளில் புலிகேசி நகர் என்று வழங்குவதுமான பெங்களூர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் கண்டோன்மெண்டு அமைந்தபோது சென்னைப் படையோடு வந்தவர்களும், அப்படைக்குப் பண்டங்கள் விற்க வந்தவர்களும், கட்டட வேலைக்கு வந்தவர்களுமாக நம் முன்னோர் பல வழிகளில் இவ்வூரை அடைந்தனர். அல்சூரும் காக்ஸ் டவுனும் சிவாஜி நகரும் பிரேசர் டவுனும் நமக்குப் பிறந்த ஊர்ப் பெயர்களைப் போலவே பழகிவிட்டன. ஆயினும், பிரேசர் டவுன் என்ற இந்தக் குடியிருப்பு ஏன் தோன்றியது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நோய்க்கு அஞ்சிய ஒரு நகரம், அந்த நோயிலிருந்து தப்புவதற்காகக் கட்டிய ஊர் இது.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூருக்குள் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கமான தெருக்களில், காற்றும் வெளிச்சமும் எட்டாத வீடுகளில், ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். எஞ்சியவர்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகைகளில் தங்கினர். அதே காலத்தில் நம் கோயம்புத்தூரும் இந்நோயால் துன்புற்றது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே அங்கே கோயில்கள் எழுந்தன என்றால், மக்கள் எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும் என்பதை நாம் உணரலாம்.

அந்த அச்சத்திலிருந்து பெங்களூர் ஒரு பாடம் கற்றது. நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகளை அமைத்தது. மைசூர் அரசின் பகுதியில் மல்லேசுவரமும் பசவனகுடியும் வளர்ந்தன. கண்டோன்மெண்டுப் பகுதியில் 1910ஆம் ஆண்டளவில் பிரேசர் டவுன் உருவாயிற்று. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்து, பின்னர் மைசூர் ரெசிடெண்டாகப் பதவி வகித்த ஸ்டூவர்ட் பிரேசர் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. தெருக்களை அகலமாக வகுத்தார்கள். வீட்டுக்கு வீடு இடைவெளி விட்டார்கள். காற்றோட்டத்திற்கு வழி செய்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. “காற்று வரட்டும், வெளிச்சம் வரட்டும்” என்று இவ்வூர் மக்களுக்கு நாள்தோறும் யாரும் உபதேசம் செய்யவில்லை. காற்றும் வெளிச்சமும் தாமே வரும்படி இடத்தை அமைத்துவிட்டார்கள். நல்ல பழக்கத்தை மனிதனுடைய நினைவுக்கு மட்டும் விட்டுவிடாமல், அவன் நிற்கும் இடத்திலேயே அதை அமைத்து வைப்பது சுகாதாரத்தின் பெரிய இரகசியங்களுள் ஒன்றாகும்.

இந்த இரகசியம் இன்று மிகவும் தேவைப்படும் இடம் எது? மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றியுள்ள நாலடி நிலந்தான் அது. அங்கே நோயைச் சுமந்து செல்வது எலியன்று, தெள்ளுப்பூச்சியன்று. காப்பாற்ற வந்த மனிதனின் கை. அந்தக் கையைத் தூய்மையாக வைத்திருப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று நாம் பேசப் போகிறோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர் யார்? மூச்சு விட முடியாமல் வென்டிலேட்டர் இயந்திரத்தின் துணையால் மூச்சு விடுபவர். கழுத்து இரத்தக் குழாய்க்குள் மருந்துக் குழாய் செருகப்பட்டவர். சிறுநீர் வெளியேறவும் ஒரு குழாய் வைக்கப்பட்டவர். நம் உடலுக்குத் தோல் ஒரு கோட்டைச் சுவர். இந்தக் குழாய்கள் ஒவ்வொன்றும், உயிரைக் காக்க வேண்டி, அந்தச் சுவரில் நாமே திறந்த வாயில்கள். வாயில் திறந்திருக்கும் இடத்தில் காவல் மிகுதியாக இருக்க வேண்டும் அல்லவா?

இப்பிரிவில் ஒரு நோயாளியைத் தொடுவோர் பலர். மருத்துவர் நெஞ்சைச் சோதிக்கிறார். தாதி மருந்து ஏற்றுகிறார். மற்றொருவர் இரத்தம் எடுக்கிறார். எக்ஸ்ரே எடுப்பவர் உடலைத் திருப்புகிறார். ஆயா துணி மாற்றுகிறார். இவர்களில் எவரும் தீங்கு நினைப்பவர் அல்லர். ஆனால் முதற் கட்டிலில் இருந்த கிருமி, கண்ணுக்குத் தெரியாமல், விரல்நுனியில் ஏறி இரண்டாம் கட்டிலுக்குச் சென்றுவிடுகிறது. கட்டிலின் கம்பியையோ, மருந்து ஏற்றும் இயந்திரத்தின் பொத்தானையோ தொட்டாலும் போதும். கிருமி கைக்கு வந்து சேரும். கை பளிச்சென்று இருக்கும். அதில் ஒரு கறையும் இராது. அதனாலேயே ஏமாற்றமும் பெரிது.

இது எங்கோ ஓரிடத்தில் நிகழும் அரிய விபத்தன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேரும் நூறு பேரில், செல்வ நாடுகளில் ஏழு பேரும், மற்ற நாடுகளில் பதினைந்து பேரும், அங்கே தங்கியிருக்கும் காலத்தில் புதிதாக ஒரு தொற்றையேனும் பெறுகிறார்கள். நம் நாட்டில் 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 மருத்துவமனைகளைச் சேர்ந்த 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, இரத்தத்தில் கலந்த தொற்றுகளுக்குக் காரணமான கிருமிகளில் கிளெப்சியெல்லா என்பதே முதலிடம் பெற்றது. பல மருந்துகளுக்கும் அடங்காத வகைகள் இக்கிருமியில் உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமியை நோயாளியிடம் போகவிடாமல் தடுப்பதே சிறந்த மருந்தாகும்.

கை கழுவினால் உயிர் பிழைக்கும் என்ற உண்மை புதியதன்று. 1847ஆம் ஆண்டிலேயே அது மெய்ப்பிக்கப்பட்டது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்வது பொருந்தும்.

வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தனர். கற்றவர்கள் கவனித்த முதற் பிரிவில் தாய்மார்கள் மிகுதியாக மாண்டனர். 1846இல் அங்கே நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவச்சிகளின் பிரிவிலோ நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. முதற் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கண்ணீர் விட்டு மன்றாடினார்கள். அங்கே பணியாற்றிய ஹங்கேரி நாட்டு மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் இதன் காரணத்தைத் தேடி அலைந்தார்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெச்கா என்ற மருத்துவர், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி, அக்காயத்தால் இறந்தார். அவர் உடலில் கண்ட குறிகளும், தாய்மார்களின் உடலில் கண்ட குறிகளும் ஒத்திருந்தன. உண்மை துலங்கியது. மருத்துவர்களும் மாணவர்களும் பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகள் பிண அறைக்குச் செல்வதில்லை. சாவைக் கொண்டுவந்தது மருத்துவர் கை! அவ்வாண்டு மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே பிரசவ அறைக்குள் செல்ல வேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

இதற்குப் பின் உலகம் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. “நம் கையா நோயைத் தருகிறது?” என்று பெரிய மருத்துவர்கள் சினம் கொண்டனர். கிருமி என்பது இன்னதென்று தெளிவாகாத காலம் அது. செம்மல்வைஸ் பொறுமை இழந்தார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதங்களில் ஏசினார். 1865இல், நாற்பத்தேழாம் வயதில், மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார். அவர் கண்ட உண்மை நிலைத்தது. அவருடைய ஏச்சு ஒரு கையையும் கழுவ வைக்கவில்லை.

நம் பிளேக் நோயின் வரலாற்றிலும் இப்படி ஒன்று உண்டு. பெங்களூரில் அந்நோய் நுழைந்த அதே 1898இல், அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலியின் தெள்ளுப்பூச்சியே பிளேக் நோயைப் பரப்புகிறது என்று கண்டார். அதனை உலகம் ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. உண்மையை அறிவது ஒரு வேலை. அறிந்ததை நடைமுறையாக்குவது மற்றொரு வேலை. பின்னதே கடினமானது.

இன்று எந்த மருத்துவரும் கை கழுவுவதை மறுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் கைகள் கழுவப்படுகின்றனவா? 1994இல் சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இதனை எண்ணிப் பார்த்தார்கள். கை கழுவ வேண்டிய நூறு சமயங்களில் 48 சமயங்களில்தான் கழுவினார்கள். அதிலும், தூய்மை மிகமிக வேண்டிய தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது! கற்றவர்கள், செல்வ நாட்டினர், கடமை உணர்ச்சி உள்ளவர்கள். அவர்களே இப்படியா என்று நாம் வியக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு நீங்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இருபது முறை கையைத் தூய்மை செய்ய வேண்டிய தேவை எழுகிறது. சோப்பும் நீரும் கொண்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடிகள் ஆகும். இருபது முறை கழுவினால், அறுபது நிமிடத்தில் இருபது நிமிடம் வரை கை கழுவுவதிலேயே கழிந்துவிடும். கழுவுதொட்டி அறையின் மூலையில் இருந்தால், அங்கே நடந்து போய்வரும் நேரம் வேறு. அதற்குள் நோயாளியின் மூச்சு திணறினால் யார் பார்ப்பது? ஆகவே கை கழுவாமை பல இடங்களில் அலட்சியத்தால் வந்ததன்று. செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொன்னதால் வந்தது.

இதற்கு ஜெனிவாவில் கண்ட வழி எளியது. ஆல்கஹால் கலந்த கைத்திரவத்தைச் சிறு குப்பிகளில் நிரப்பி, ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் வைத்தார்கள். மூலைக்கு நடக்க வேண்டியதில்லை, நீர் வேண்டாம், துடைக்கத் துணி வேண்டாம். 20 முதல் 30 விநாடிகள் கையைத் தேய்த்தால் போதும். அதோடு சுவர்களில் படங்களை ஒட்டினார்கள். எண்ணிப் பார்த்த கணக்கைப் பணியாளர்களிடமே திரும்பக் காட்டினார்கள். 48 ஆக இருந்தது 1997இல் 66 ஆக உயர்ந்தது. மருத்துவமனையில் தொற்றுப் பெற்றவர் தொகை 1994இல் நூற்றுக்குப் பதினேழு அளவில் இருந்தது, 1998இல் பத்தளவாகக் குறைந்தது. பிரேசர் டவுனின் அகன்ற தெருக்கள் செய்த வேலையைக் கட்டிலருகே இருந்த குப்பி செய்தது எனலாம்.

சுவிட்சர்லாந்தில் நடந்தது நம் நாட்டில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் பெங்களூரே விடை தருகின்றது. 2004 ஆகஸ்டு முதல் 2011 ஜூலை வரை, பெங்களூர், மும்பை ஆகிய இரு நகரங்களில், மூன்று மருத்துவமனைகளின் மூன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பெங்களூரின் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் முரளி சக்கரவர்த்தியும் அவருடைய துணைவர்களும் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் கை தூய்மை செய்ய வேண்டிய நூறு சமயங்களில் ஏறத்தாழ 37 சமயங்களில்தான் அது நடந்தது. முயற்சிக்குப் பின் 82 ஆக உயர்ந்தது.

என்ன முயற்சி? ஆறு காரியங்கள். மருத்துவமனை நிர்வாகம் இதனைத் தன் பொறுப்பாக ஏற்றது. வேண்டிய பொருள்கள் குறைவின்றிக் கிடைக்கும்படி செய்யப்பட்டது. பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பணியிடத்தில் நினைவூட்டும் குறிப்புகள் வைக்கப்பட்டன. அரைமணி நேரக் கண்காணிப்பு, முன்னறிவிப்பில்லாத வேளைகளில் நடந்தது. கண்ட கணக்கு அவர்களுக்கே எடுத்துச் சொல்லப்பட்டது. இவற்றில் எதுவும் பெரிய இயந்திரம் அன்று. ஆனால் ஆறும் சேர்ந்து நடக்க வேண்டும். பயிற்சி வகுப்பு மட்டும் நடத்திவிட்டுக் குப்பியை நிரப்ப மறந்தால், வகுப்பு வீண்.

அந்த ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. நமக்கு மிக நெருக்கமான செய்தி அது. மருத்துவர்கள் நூற்றுக்கு 74 முறையும், தாதியர் ஏறத்தாழ 70 முறையும் கைத் தூய்மையைக் கடைப்பிடித்தனர். துணைப் பணியாளர்களோ 44 முறையளவில்தான் செய்தனர். துணைப் பணியாளர் என்போர் யார்? நோயாளியைத் தூக்குபவர், திருப்புபவர், மலம் அள்ளுபவர், துணி மாற்றுபவர். ஆயா என்றும் வார்டு பாய் என்றும் நாம் அழைக்கும் மக்கள். பெங்களூரின் மருத்துவமனைகளில் இவ்வேலையைச் செய்வோரில் தமிழ் பேசும் நம் சகோதர சகோதரிகள் உண்டு. நோயாளியின் உடலை நெருங்கித் தொடுபவர்கள் அவர்கள்.

அவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பயிற்சி கடைசியில் வருகிறது. சில இடங்களில் வருவதே இல்லை. வரும்போதும் அவர்கள் அறியாத மொழியில் வருகிறது. ஒப்பந்தக் கூலிக்கு வருபவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். மருத்துவரின் கை ஒருவகை, ஆயாவின் கை ஒருவகை என்று கிருமி பார்ப்பதில்லை. ஆதலால் பயிற்சியும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓராயாவின் கைக்குச் செலவிடும் ஐந்து நிமிடப் பயிற்சி, பல ஆயிரம் ரூபாய் மருந்தை மிச்சப்படுத்தும்.

கையை எப்பொழுது தூய்மை செய்வது? உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து வேளைகளை வகுத்திருக்கிறது. ஐந்து விரல்களை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஒன்று, நோயாளியைத் தொடுவதற்கு முன். இரண்டு, ஊசி, குழாய், காயக்கட்டு போன்ற தூய வேலையைத் தொடங்குவதற்கு முன். மூன்று, இரத்தம், சளி, சிறுநீர் முதலியவை பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின். நான்கு, நோயாளியைத் தொட்ட பின். ஐந்து, நோயாளியைத் தொடாமல் அவருடைய கட்டிலையோ அருகிலுள்ள பொருள்களையோ தொட்ட பின். முதல் இரண்டும் நோயாளியைக் காப்பதற்கு. பின் மூன்றும் நம்மையும் அடுத்த நோயாளியையும் காப்பதற்கு. தன்னைக் காத்துக்கொள்ள எல்லாருக்கும் நினைவு வருகிறது. ஆகவே முதல் இரண்டு வேளைகளை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்வோம். கையுறை அணிந்தால் போதாதா? போதாது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போதும் கையில் அழுக்குப் படும். ஒரே கையுறையோடு இரண்டு நோயாளிகளைத் தொடுவது, கழுவாத கையால் தொடுவதற்கு ஒப்பாகும். ஆல்கஹால் திரவம் எல்லாவற்றிற்கும் போதுமா? கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ இரத்தமோ பட்டிருந்தால் சோப்பும் நீருமே வேண்டும். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் டிபிசில் போன்ற சில கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்வதில்லை; அங்கேயும் சோப்பும் நீருமே துணை. மோதிரம், வளையல், மணிக்கட்டில் கட்டிய மந்திரக் கயிறு ஆகியவற்றின் அடியில் கிருமி ஒளிந்துகொள்ளும். ஆகவே நோயாளியைக் கவனிக்கும் வேளையில் அவற்றைக் கழற்றி வைப்பதே முறை. தாலியைக் கழற்றச் சொல்லவில்லை, கையணியைத்தான் சொல்கிறோம்.

அடிக்கடி தேய்த்தால் தோல் வறண்டு வெடிக்கும் என்று பணியாளர் பலர் முறையிடுகின்றனர். அது உண்மையான முறையீடு. அதற்காகவே உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் நூற்றுக்கு எண்பது பங்கு எத்தனாலோடு சிறிது கிளிசராலும் சேர்க்கப்படுகிறது. மருத்துவமனையின் மருந்தகத்திலேயே இதனைக் குறைந்த செலவில் தயாரிக்க முறை உண்டு. நாம் வீட்டில் செய்து பார்ப்பதற்கு உரியதன்று. 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்ததை நாம் அறிவோம். நீர் வேண்டாத இந்தத் திரவம் அத்தகைய காலங்களில் இரட்டை நன்மை தரும்.

நம் மரபு தூய்மையை அறியாத மரபன்று. கூழானாலும் குளித்துக் குடி என்று நம் பாட்டிமார் சொல்லி வளர்த்தார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் உள்ளே வராமல் தடுத்தார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளித்த பின்பே உள்ளே வந்தார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. தீட்டு என்ற எண்ணம் ஆளைப் பார்த்துக் கழுவச் சொல்கிறது. சுகாதாரம் வேளையைப் பார்த்துக் கழுவச் சொல்கிறது. இன்னாரைத் தொட்டால் கழுவு என்பது சுகாதாரம் அன்று. யாரைத் தொட்டாலும், தொடும் முன்னும் தொட்ட பின்னும் கழுவு என்பதே சுகாதாரம்.

வெளித் தூய்மைக்கு நீரையும் உள்ளத் தூய்மைக்கு மெய்ம்மையையும் துணையாகக் காட்டினார் திருவள்ளுவர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டுமே வேண்டும். ஏனெனில் கைத் தூய்மையை அளக்கும் கணக்கில் பொய் எளிதாக நுழையும். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் எல்லாரும் கை தேய்ப்பார்கள். அவர் போனதும் பழைய கதைதான். மேலதிகாரி மகிழ்வதற்காக நூற்றுக்கு நூறு என்று எழுதி வைக்கும் ஏட்டினால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. நாற்பது என்று உண்மையாக எழுதிய ஏடு, அடுத்த மாதம் ஐம்பதாக உயர வழி காட்டும். குறைந்த எண்ணைக் காட்டியவரைத் தண்டிக்கும் இடத்தில் உண்மை எண் ஒருபோதும் வராது.

இனி, வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு உரிய பங்கு யாது? நம் தாயோ தந்தையோ தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, பார்வை நேரத்தில் நாம் உள்ளே செல்கிறோம். வாசலில் கைத்திரவம் இருக்கிறது. பதற்றத்தில் அதனைக் கடந்துவிடுகிறோம். கைப்பேசியைப் பிடித்த கையோடு அம்மாவின் நெற்றியைத் தடவுகிறோம். கோயிலிலிருந்து கொண்டு சென்ற திருநீற்றை இடுகிறோம். அன்பினால் செய்வதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் திருநீறு இடும் முன் அரை நிமிடம் கை தேய்த்துக்கொள்வோம். பிரிவின் தாதியைக் கேட்டுக்கொண்டு இடுவோம். குழாய்களைத் தொடாதிருப்போம், கட்டிலின் மேல் உட்காராதிருப்போம். வெளியே வரும்போது மறுபடியும் கை தேய்த்துக்கொண்டு வருவோம்.

மற்றவர் கையைப் பற்றிக் கேட்கலாமா? மருத்துவரைக் கேட்பதற்கு நமக்குக் கூச்சம். அந்நிய மொழி பேசும் ஊரில் கூச்சம் இருமடங்கு. கேட்டால் கோபம் வந்து, கவனிப்புக் குறைந்துவிடுமோ என்ற அச்சமும் உண்டு. இந்த அச்சத்தைப் போக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. “எங்கள் கை சுத்தமா என்று நீங்கள் கேட்கலாம்” என்று அவர்களே எழுதி வைத்தால், கேட்பது குற்றமாகாது. தலைமை மருத்துவர் எல்லாரும் காணத் தம் கையைத் தேய்த்துக்கொண்டால், ஆயாவுக்கு வேறு உபதேசம் வேண்டாம். ஆயா பணிவோடு, “டாக்டர், கை?” என்று நினைவூட்டும்போது அவர் புன்னகையோடு குப்பியை எடுப்பாரானால், அந்தப் பிரிவில் நோயாளிகள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று நாம் நம்பலாம்.

மொழி தெரியாது என்று நாம் வருந்தவும் வேண்டியதில்லை. பெங்களூரின் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் கன்னடம் பேசுவார். தாதி மலையாளம் பேசுவார். உதவியாளர் தமிழோ இந்தியோ பேசுவார். நோயாளியின் உறவினர் தெலுங்கோ உருதுவோ பேசுவார். ஆனால் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினால் எல்லாருக்கும் புரியும். “சிஸ்டர்” என்று மரியாதையாக அழைத்து, நாம் முதலில் நம் கையைத் தேய்த்துக் காட்டுவோம். கேள்வி கேட்டதாகவும் இராது; நினைவூட்டியதாகவும் ஆகும்.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, பிரேசர் டவுனின் கடைவாசல்களில் எல்லாம் கைத்திரவக் குப்பிகள் இருந்தன. நோய் தணிந்ததும் குப்பிகள் காலியாயின, பின்பு மறைந்தன. அச்சத்தால் வந்த பழக்கம் அச்சம் நீங்கியதும் நீங்கியது. கடைவாசலில் நீங்கினால் பெருந்தீங்கில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது நீங்கலாகாது. அங்கே கிடப்பவருக்கு அந்த ஆபத்து எந்த நாளும் தணிவதில்லை. ஆகவே அங்கே பழக்கத்தை அச்சத்தின்மேல் கட்டாமல் ஏற்பாட்டின்மேல் கட்ட வேண்டும்: கட்டிலுக்கு ஒரு குப்பி, குப்பியை நிரப்ப ஓர் ஆள், எல்லாருக்கும் ஒரே பயிற்சி, உண்மையான கணக்கு, கேட்பதற்கு உரிமை.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ஐந்தாம் நாள், 2009 முதல், உலகச் சுகாதார நிறுவனம் கைத் தூய்மை நாளைக் கடைப்பிடித்து வருகிறது. அன்று மருத்துவமனைகளில் கூட்டங்கள் நடக்கும், படங்கள் ஒட்டப்படும். நடக்கட்டும். ஆனால் மே ஆறாம் நாள் காலையில் கட்டிலருகே குப்பி நிரம்பியிருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மருத்துவமனையில் வேலை பார்க்கும் நம்மவர் ஒவ்வொருவரும் தம் பிரிவில் அதைக் கேட்கட்டும். உறவினரைப் பார்க்கச் செல்லும் நாமும் கேட்போம். அந்தக் கேள்விக்கு “ஆம்” என்ற விடை வருமானால், நமக்கு முகம் தெரியாத ஒருவருடைய தாயோ தந்தையோ வீடு திரும்புவார்கள்.